பள்ளிப் பணமும் தில்லிப் பூட்டும்



விடியற்காலையில் வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரமாகச் சிறிது நேரம் நின்று பாருங்கள். கையில் சோற்றுத் தூக்கோடு காலணி ஆலையின் வண்டிக்குக் காத்து நிற்கும் பெண்களைக் காண்பீர்கள். பிள்ளைகளை எழுப்பி, முகங்கழுவி, ஊர்ப்பள்ளியை நம்பி விட்டுவிட்டு வருகின்ற தாய்மார் அவர்கள். பேரணாம்பட்டிலும் மேல்விசாரத்திலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் ஆலைகளில் நாளெல்லாம் ஈரத்தோலோடும் சுண்ணாம்போடும் உழைத்துக் கை வெந்து போன தந்தையரும் உளர். இவர்கள் எல்லாருடைய நெஞ்சிலும் உள்ள வேட்கை ஒன்றே: 'என் பிள்ளை இத்தொட்டியருகே வந்து நிற்கக் கூடாது' என்பது. அவ்வேட்கைக்கு அவர்கள் கையில் உள்ள ஏணியும் ஒன்றே. அஃது ஊர்ப்பள்ளி.

அந்த ஏணியின் படிகளைத்தாம் தில்லி 2024-ஆம் ஆண்டில் கழற்றி வைத்துக் கொண்டது.

இஃது ஏதோ மிகைப்படக் கூறும் பேச்சன்று. நடந்ததை வரிசையாகச் சொல்கின்றோம். பின்னர் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பள்ளிக் கல்விக்கென நடுவணரசும் மாநில அரசும் சேர்ந்து செலவிடும் திட்டம் ஒன்று 2018 முதல் நடந்து வருகின்றது. அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வி இயக்கம், ஆசிரியர் பயிற்சி ஆகிய மூன்றனையும் ஒன்றாக்கி, 'சமக்ர சிக்சா' எனச் சமற்கிருதப் பெயர் சூட்டினர். தமிழில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் என்கின்றோம். இதன் செலவில் நூற்றுக்கு 60 பங்கு நடுவணரசினது. 40 பங்கு மாநில அரசினது. ஊனமுற்ற குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர், வட்டார வள மையத்துப் பயிற்றுநர், பள்ளியை இடையில் விட்ட சிறுமியர்க்கான உறைவிடப் பள்ளி, தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கான வண்டிச் செலவு, தனியார் பள்ளியில் சேர்க்கப்பெறும் ஏழைக் குழந்தைகளின் கட்டணம் ஆகிய அனைத்தும் இத்திட்டப் பணத்தினின்றே நடைபெறுகின்றன.

2024-25-ஆம் ஆண்டிற்குத் தமிழ்நாட்டின் திட்டத் தொகை 3,586 கோடி உருவா என நடுவணரசின் குழுவே ஒப்புதல் தந்தது. அதில் நடுவணரசு தரவேண்டியது ஏறத்தாழ 2,152 கோடி. முதல் தவணை 573 கோடி, உரிய காலத்தில் வரவில்லை. அடுத்தடுத்த தவணைகளும் வரவில்லை. ஏன் வரவில்லை? திட்டத்தைத் தமிழ்நாடு ஒழுங்காக நடத்தவில்லையா? கணக்குக் காட்டவில்லையா? பணத்தை வேறு வழியில் செலவிட்டதா? இவற்றுள் எதுவுமன்று. 'பி.எம்.சிறீ' என்னும் வேறொரு திட்டத்திற்குத் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதே தடைக்குக் காரணமாயிற்று.

அவ்வேறொரு திட்டம் யாது? நாடு முழுதும் 14,500 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்துவதாக 2022 செபுதம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்பிய திட்டம். அதிற் சேரும் மாநிலம் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக நடைமுறைப்படுத்துவோம் என்பது அவ்வுடன்படிக்கையின் ஒரு பகுதி. அப்பகுதியை நீக்கினால் கையெழுத்திடுகிறோம் என்றது தமிழ்நாட்டு அரசு. தில்லி ஏற்கவில்லை. 2025 பிப்பிரவரியில் நடுவண் கல்வியமைச்சர் தருமேந்திர பிரதான், கொள்கையை ஏற்கும் வரை பணமில்லை என்னும் பொருள்பட வெளிப்படையாகவே பேசினார்.

அஃதாவது, சில பள்ளிகளுக்கான புதிய திட்டத்தில் சேரவில்லை என்பதற்காக, எல்லாப் பள்ளிகளுக்குமான பழைய திட்டத்தின் பணம் நிறுத்தப்பட்டது. பக்கத்து வீட்டுத் திருமணத்திற்கு மொய் எழுதவில்லை என்று நம் வீட்டுக் கிணற்றுக்குப் பூட்டிடுவதை ஒத்தது இது. தமிழ்நாட்டரசு உச்ச முறைமன்றத்தில் 2025 மே மாதம் தொடுத்த வழக்கில் ஏறத்தாழ 44 இலக்கம் மாணவரும், 2 இலக்கத்து 21 ஆயிரம் ஆசிரியரும், 32 ஆயிரத்திற்கு மேற்பட்ட பணியாளரும் இத்தடையால் தாக்குறுகின்றனர் எனக் குறித்தது. வரவேண்டிய 2,291 கோடியை வட்டியோடு தருமாறும் கேட்டது.

இனி, அப்பணம் யாருடையது என்று பார்ப்போம்.

தில்லியில் பணம் விளைவதில்லை. ஆம்பூர்க் காலணியிலும், வாணியம்பாடித் தோலிலும், குடியேற்றத்துக் கைத்தறியிலும், வேலூர்க் கடைத்தெருவில் தோல் தொழிலாளி வாங்கும் வழலைக் கட்டியிலும் பற்பசையிலும் எடுக்கப்படும் வரியே அங்குப் போய்ச் சேருகின்றது. 2017 சூலையில் சரக்கு-சேவை வரி வந்தபின், மாநிலங்கள் தாமே வரி விதிக்கும் உரிமையின் பெரும்பகுதியும் குறைந்து போயிற்று. வருமான வரியின்மேல், நலவாழ்வுக்கும் கல்விக்கும் என்று சொல்லியே 4 விழுக்காடு மேல்வரி தண்டப்படுகின்றது. அம்மேல்வரி மாநிலங்களோடு பங்கிடப்படுவதன்று. முழுதும் தில்லிக்கே உரியது. பங்கிடப்படும் வரியிலும் 15-ஆம் நிதிக்குழு தமிழ்நாட்டிற்கு ஒதுக்கிய பங்கு 4.079 விழுக்காடு. 9-ஆம் நிதிக்குழுவின் காலத்தில் அது 7.931 ஆக இருந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மக்கள் தொகையில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் நம்மவர். குடும்பநலத்திலும் கல்வியிலும் முன்னேறிய குற்றத்திற்காகப் பங்கு குறைந்தது. அக்குறைந்த பங்கிற்கு அப்பால், திட்டத்தின் பெயரால் திரும்பி வரவேண்டிய தொகைக்கும் பூட்டிட்டால், இதனை நல்கை என்பதா, பிணைத்தொகை என்பதா?

நடுவணரசு மனமிரங்கித் தருகின்ற கொடையன்று இப்பணம். ஆறு முதல் பதினான்கு அகவை வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வி அடிப்படை உரிமை என 2002-இல் அரசியலமைப்பைத் திருத்தியவர்கள் அவர்கள். 2009-இல் கல்வி உரிமைச் சட்டத்தை இயற்றியவர்களும் அவர்கள். அச்சட்டத்தின் 7-ஆம் பிரிவு, செலவைத் தாங்கும் பொறுப்பு நடுவணரசு, மாநில அரசு ஆகிய இரண்டற்கும் சேர்ந்தே உண்டு என்று சொல்கின்றது. மூன்றாம் மொழி கற்பிக்கும் மாநிலத்திற்கு மட்டும் என்று அங்கு எழுதப்படவில்லை. கல்வி உரிமை சட்டம். தேசியக் கல்விக் கொள்கையோ சட்டமன்று. 2020 சூலை 29-ஆம் நாள், நாடு நச்சில் நோய்க்கு அஞ்சி முடங்கிக் கிடந்தபோது, நடுவண் அமைச்சரவை ஒப்பிய ஆவணம் அது. நாடாளுமன்றம் அதனைச் சட்டமாக இயற்றவில்லை. சட்டமல்லாத ஒன்றனை ஏற்காமைக்காகச் சட்டம் விதித்த கடமையை நிறுத்தி வைக்கும் முறையை எந்நாட்டு நெறி என்பது?

அக்கொள்கையை ஏற்குமாறு தமிழ்நாட்டிற்கும் வேறு சில மாநிலங்களுக்கும் கட்டளையிட வேண்டும் என ஒருவர் தொடுத்த வழக்கை 2025 மே 9-ஆம் நாள் உச்ச முறைமன்றமே தள்ளிவிட்டது. ஒரு மாநிலத்தைக் கொள்கையை ஏற்குமாறு தான் நேராகக் கட்டாயப்படுத்த இயலாது என்று அம்மன்றம் கூறிற்று. முறைமன்றம் கட்டளையிட மறுத்ததைக் கருவூலச் சாவியைக் கொண்டு நிறைவேற்ற முனைந்தது தில்லி. கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் இம்மாநிலங்களுக்குரிய பணத்தை நிறுத்தியது முறையன்று என 2025 மார்ச்சில் தன் அறிக்கையில் எழுதிற்று.

இவ்வளவு துணிவு தில்லிக்கு எங்கிருந்து வந்தது? இதற்கு ஏறத்தாழ ஐம்பதாண்டு பின்னே செல்ல வேண்டும்.

வெள்ளையன் ஆட்சியிலேயே, 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கல்வி மாகாண அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பும் கல்வியை மாநிலப் பட்டியலிலேயே வைத்தது. 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-ஆம் திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1977 சனவரி 3 முதல் அது நடப்புக்கு வந்தது. அத்திருத்தத்தை ஒப்பிய மக்களவை 1971-இல் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தன் ஐந்தாண்டுக் காலத்தைக் கடந்தும் நீட்டிக்கப்பட்டிருந்த அவை. எதிர்க்கட்சித் தலைவர் பலர் அன்று சிறையில் இருந்தனர். தமிழ்நாட்டின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1976 சனவரி 31-ஆம் நாளே இங்கிருந்த ஆட்சி கலைக்கப்பட்டு விட்டது. சட்டமன்றமே இல்லை. நம் பிள்ளைகளின் கல்வியுரிமை கைமாறிய நாளில், 'வேண்டா' என்று சொல்வதற்கும் நம் சார்பில் ஒரு வாயில்லை!

நெருக்கடி நிலை நீங்கிய பின் 1978-இல் வந்த 44-ஆம் திருத்தம் பல கேடுகளைக் களைந்தது. ஆனால் கல்வி மட்டும் திரும்பி வரவில்லை. திருடன் போனான், திருடிய பொருளோ திரும்பவில்லை.

பொதுப்பட்டியல் என்பது இருவர்க்கும் பொதுவான திண்ணை போலத் தோன்றும். உண்மையில் ஒருவர் எழுந்திரு என்றால் மற்றவர் எழுந்தாக வேண்டிய திண்ணை அது. நடுவண் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் நடுவண் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் நிற்க வேண்டுமானால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். இதன் விளைவைப் பாகாயத்தார் தம் கண்ணெதிரே கண்டனர். இங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரி, ஐடா சுகடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளியினின்று வளர்ந்தது. சிற்றூர் மருத்துவமனைகளில் பணியாற்ற விரும்பும் மாணவரைத் தானே தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றனை அது நெடுங்காலம் வைத்திருந்தது. 'நீட்' தேர்வின் வழியே சேர்க்க வேண்டும் என்றபோது, 2017-18-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டப்படிப்பின் நூறு இடங்களுள் ஒன்றனை மட்டுமே நிரப்பி அக்கல்லூரி தன் மறுப்பைக் காட்டிற்று. 2020 ஏப்பிரல் 29-ஆம் நாள் உச்ச முறைமன்றம், நீட் அனைவர்க்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. மாநிலம் சும்மா இருக்கவில்லை. 2021 செபுதம்பரிலும், மீண்டும் 2022 பிப்பிரவரியிலும் நீட் விலக்குச் சட்டத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்து விட்டார் என்னும் செய்தி 2025 ஏப்பிரலில் வெளியாயிற்று. ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் இருமுறை நிறைவேற்றியதை ஓர் ஒப்பமின்மை வீழ்த்திற்று. 1976-இன் விளைவு இதுதான்.

'கூட்டாட்சி நாடுகளில் இஃது இயல்பே' என்று சிலர் சொல்லக் கேட்கின்றோம். அப்படியாயின் கூட்டாட்சிக்கு முன்மாதிரி என அவர்களே காட்டும் அமெரிக்க ஒன்றிய நாடுகளைப் பார்ப்போம்.

அந்நாட்டு அரசியலமைப்பில் கல்வி என்னும் சொல்லே இல்லை. நடுவணரசிற்கென ஒப்படைக்கப்படாத ஆற்றல்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியன என 1791-இல் சேர்க்கப்பட்ட 10-ஆம் திருத்தம் கூறுகின்றது. ஆகவே பள்ளி அங்கு மாநிலத்தின் பொறுப்பு. ஊர்தோறும் உள்ள பள்ளி வட்டங்களின் பொறுப்பு. பள்ளிச் செலவில் நடுவணரசின் பங்கு பத்தில் ஒன்று என்னும் அளவிலேயே நிற்கின்றது. 1965-இல் தலைவர் சான்சன் காலத்தில் ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கு நடுவணரசு பணம் தரும் பெருஞ்சட்டம் வந்தது. அச்சட்டத்தை இயற்றியபோதே, பாடத்திட்டத்திலும் கற்பிக்கும் முறையிலும் நடுவண் அலுவலர் தலையிடக் கூடாது என்று அதற்குள்ளேயே எழுதி வைத்தனர். 1979-இல் நடுவண் கல்வித்துறையைத் தனித்துறையாக அமைத்த சட்டத்திலும் அதே தடையை எழுதினர். பணம் கொடுப்பவன் பாடநூலைத் தொடக்கூடாது என்பது அவர்கள் கொண்ட நெறி.

பின்னாளில் அவர்களும் வழுவினர். 2002-இல் கையெழுத்தான சட்டம் ஒன்று ஆண்டுதோறும் தேர்வு வைத்தாலன்றிப் பணமில்லை என்றது. அதன் கடுமையைத் தாங்க மாட்டாமல், 2015-இல் வேறு சட்டம் இயற்றி மாநிலங்களுக்கு உரிமையைப் பெருமளவு திருப்பித் தந்தனர்.

இதனினும் நாம் குறிக்கொள்ள வேண்டியது அந்நாட்டு உச்ச முறைமன்றத்தின் இரு தீர்ப்புகள். 1987-இல் தெற்குத் தக்கோட்டா மாநிலத்தின் வழக்கில், பணத்தோடு முன்கட்டளை இடலாம். ஆனால் அக்கட்டளை தெளிவாக இருக்க வேண்டும், பணம் எதற்கோ அதனோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், மாநிலத்தைக் கட்டாயப்படுத்துவதாக இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டினர். 2012-இல் மருத்துவ உதவித் திட்டம் பற்றிய வழக்கில் அவ்வரம்பைச் செயலில் காட்டினர். புதிய விரிவாக்கத்தில் சேராத மாநிலத்திற்குப் பழைய திட்டத்தின் பணம் முழுவதையும் நிறுத்துவோம் என்று நடுவணரசு சொல்லியிருந்தது. ஒன்பது முறைவருள் எழுவர், இது தூண்டுதலன்று, மிரட்டல் என்று கண்டு அதனைத் தடுத்தனர்.

புதியதில் சேராவிடில் பழையதை நிறுத்துவோம் என்பதுதானே தில்லி நமக்குச் செய்ததும்? ஈராயிரங் காவதத்திற்கு அப்பால் ஒரு மன்றம் மிரட்டல் என்று கண்டதை இங்கே ஆளுமைத் திறம் என்று பாராட்டச் சொல்கின்றனர்!

அமெரிக்காவை நாம் வழிபடச் சொல்லவில்லை. 2025 சூலையில் அங்கும் பேராயம் ஒதுக்கிய ஏறத்தாழ 680 கோடி தாலர் பள்ளிப்பணத்தை நடுவணரசு நிறுத்தி வைத்தது. வேற்றுமொழிக் குழந்தைகளுக்கும் புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் உரிய பணம் அதிலிருந்தது. இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன; ஆளுங்கட்சியின் மேலவை உறுப்பினர் சிலரும் எதிர்த்தனர். அம்மாதம் முடியுமுன் பணம் விடுவிக்கப்பட்டது. ஆள்வோர் எந்நாட்டிலும் ஒரே இயல்பினர்தாம். வேற்றுமை எங்கே என்றால், அங்கே மாநிலத்திற்கு நிற்க நிலமுண்டு. தில்லிப் பட்டியலோ நம் காலடி மண்ணை 1976-இலேயே அகழ்ந்து விட்டது.

இங்கு நேர்மையான ஒரு வினா எழும். 'நடுவணரசு பணத்தின் வழியே எந்தக் கட்டளையுமே இடக்கூடாதா? அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க மறுத்த தென்மாநிலங்களை வழிக்குக் கொண்டு வந்ததும் நடுவணரசுதானே?' என்று கேட்கலாம். உண்மை. 1954-இன் தீர்ப்பும், 1957-இல் இலிட்டில் உராக் நகரப் பள்ளிக்குப் படையனுப்பியதும், நிறவேற்றுமை காட்டும் பள்ளிக்குப் பணமில்லை என்ற 1964-ஆம் ஆண்டுச் சட்டமும் போற்றத் தக்கனவே. மாநில உரிமை என்பது குழந்தையை மிதிக்கும் உரிமையன்று. நாளைக்கே இம்மாவட்டத்தில் ஒரு பள்ளி, சேரிக் குழந்தையைத் தனியே அமர்த்தினால், அப்பள்ளியின் பணத்தை எவர் நிறுத்தினாலும் நாம் அவர் பக்கமே நிற்போம். ஆனால் அக்கட்டளை குழந்தையின் உரிமையைக் காத்தது. இக்கட்டளையோ குழந்தையின் உரிமையைப் பிணையாக வைத்து, வேறொன்றனைப் பெற முயன்றது. ஒன்று காவல், மற்றொன்று வழிப்பறி. இரண்டையும் ஒன்றெனக் காண்பவர்க்குக் கண்ணில் பழுதுண்டு.

'கொள்கையை ஏற்றால்தான் என்ன? எந்த மொழியும் எம்மாநிலத்தின்மீதும் திணிக்கப்படாது என்று அதில் எழுதியிருக்கின்றதே' என்பார் உளர். எழுதியிருப்பது உண்மையே. ஆயினும் மும்மொழித் திட்டம் தொடர்ந்து நடைமுறைப்படுத்தப்படும் என்றும் அதிலேயே எழுதியிருக்கின்றது. ஊர்ப்பள்ளியில் மூன்றாம் மொழிக்கு யாரை அமர்த்துவர்? கன்னட ஆசிரியரையா, வங்க ஆசிரியரையா? எம்மொழிக்கு ஆசிரியரும் நூலும் தேர்வும் வேலையும் தில்லியால் ஆயத்தமாக வைக்கப்பட்டுள்ளனவோ அம்மொழியே வந்து அமரும். 1939-இலும் 1965-இலும் உயிர் கொடுத்தவர்கள் இதனை நமக்குக் கற்பித்தனர். 1968 சனவரி 23-ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று தீர்மானித்ததும் இதனால்தான். அவ்விரு மொழியோடு நாம் தாழ்ந்து போனோமா? 2021-22-ஆம் ஆண்டின் நடுவணரசுக் கணக்கெடுப்பே, உயர்கல்வியிற் சேர்வோர் அளவு தமிழ்நாட்டில் 47 விழுக்காடு, இந்திய அளவில் 28.4 விழுக்காடு என்று சொல்கின்றது.

மொழி மட்டுமன்று. 3, 5, 8-ஆம் வகுப்புகளிலேயே தேர்வு என்கின்றது அக்கொள்கை. 5-ஆம், 8-ஆம் வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்தி வைக்கவும் 2019-இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தோலும் பீடியும் தீப்பெட்டியும் தொழிலாக உள்ள இவ்வட்டாரத்தில், எட்டாம் வகுப்பில் தவறிய பிள்ளை மறுபடியும் பள்ளிக்குப் போகும் என்றா எண்ணுகின்றீர்கள்? அப்பிள்ளைக்கு வேலை காத்திருக்கின்றது. வறுமையும் காத்திருக்கின்றது. தில்லியில் அமர்ந்து கொள்கை எழுதினவர்க்கு இது தெரியாது. பேரணாம்பட்டில் வகுப்பெடுக்கும் ஆசிரியைக்குத் தெரியும். கல்வி மாநிலத்திடம் இருக்க வேண்டும் என்று நாம் கூறுவதன் உட்பொருள் இதுவே. தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும் என்பதே.

இவ்வளவும் கூறிய பின், நம் முற்றத்தையும் பெருக்க வேண்டும்.

2024 மார்ச்சில், பி.எம்.சிறீ உடன்படிக்கையில் கையெழுத்திட முன்வருவதாகத் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலர் எழுதிய கடிதத்தைத் தில்லி பின்னர்ச் சான்றாகக் காட்டிற்று. உரிமைப் போரில் இத்தகைய தடுமாற்றம் எதிரிக்குக் கொடுத்த கருவியாகும். 2025-26-ஆம் கல்வியாண்டின் தொடக்கத்தில், பணம் வரவில்லை என்று சொல்லி, தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்குரிய நான்கில் ஒரு பங்கு இடங்களுக்கான சேர்க்கையைத் தொடங்காமல் விட்டனர். பணம் வராமையைக் காட்டி மாநிலம் தன் கடமையினின்று விலக இயலாது என 2025 சூன் 10-ஆம் நாள் சென்னை உயர் முறைமன்றம் கூறிற்று. அத்தொகையை ஒருங்கிணைந்த திட்டத்தோடு முடிச்சிட வேண்டா என்று நடுவணரசிற்கும் சொல்லிற்று. பிணை பிடித்தவன் குற்றவாளியே. எனினும் பிணைப்பட்ட குழந்தையைக் காக்கும் கடன் வீட்டுக்காரனை விட்டு நீங்குவதில்லை.

அதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. 2013-14 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பரவலாகத் திறந்தவர் தில்லியார் அல்லர், நம்மவரே. இந்தியை வாயிலில் தடுத்துவிட்டு, ஆங்கிலத்திற்குப் பின்கதவைத் திறந்து வைப்பது தமிழ்க்காப்பு ஆகாது. தமிழ்வழியிற் கற்ற பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் வேலையும் மதிப்பும் உண்டு என்னும் நிலையை நாம் ஆக்காதவரை, தமிழ்வழிப் பள்ளிக்கு வாருங்கள் என்று ஒரு தோல் தொழிலாளியை அழைக்க நமக்கு வாயில்லை. அவ்வாறே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் உருது பேசி வளரும் குழந்தைக்கு, அதன் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறும் உரிமையும் தமிழைச் செவ்வையாகக் கற்கும் வாய்ப்பும் ஒருங்கே கிடைக்க வேண்டும். நமக்குத் தில்லி மறுப்பதை நாம் பிறர்க்கு மறுப்போமாயின், நம் வழக்கு வலுவிழந்து போகும்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று.

முதலாவது, கல்வி மாநிலப் பட்டியலுக்கு மீள வேண்டும். 1976-இல் வாயில்லாத நாளில் எடுக்கப்பட்டது, வாயுள்ள நாளில் திருப்பித் தரப்பட வேண்டும். இராசமன்னார் குழு 1971-இல் மாநில உரிமைகளைப் பற்றி அறிக்கை தந்தது. 2025-இல் குரியன் சோசப்பு குழு அமைக்கப்பட்டது. குழுக்கள் போதும், எல்லா மாநிலங்களையும் ஒன்று திரட்டிக் கேட்கும் காலம் இது. கேரளம் 2025 அத்தோபரில் பி.எம்.சிறீயில் கையெழுத்திட்டு, சில நாளிலேயே கூட்டணிக்குள் எழுந்த எதிர்ப்பால் அதனை நிறுத்தி வைத்தது. பணமுடை அவர்களையும் நெருக்குகின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? இது தமிழர் ஒருவர் சிக்கலன்று.

இரண்டாவது, கல்வி மீளும் வரையில், ஒரு திட்டத்தின் பணத்தை வேறொரு திட்டத்தின் ஒப்பத்தோடு முடிச்சிடுதல் கூடாது என்று சட்டம் இயற்றப்பட வேண்டும். கல்வியின் பெயரால் தண்டும் மேல்வரியையும் மாநிலங்களோடு பங்கிட வேண்டும்.

மூன்றாவது, நம் மாநிலமே செய்ய வேண்டியது. தில்லிப்பணம் ஒரு தவணை நின்றாலும் சிறப்பாசிரியரின் ஊதியமும் ஏழைப் பிள்ளையின் இடமும் நில்லாதபடி, பள்ளிக்கெனத் தனி வைப்புத்தொகை ஒன்றனை மாநில அரசு சட்டத்தால் நிறுவ வேண்டும். பிறர் பூட்டினால் திறக்க நம்மிடம் ஒரு சாவி இருக்க வேண்டும்.

இவ்வட்டார மக்களுக்கு ஒன்றனை நினைவூட்டி முடிக்கின்றோம். பாலாற்றைத் தோல் ஆலைக் கழிவு கெடுத்தபோது, வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு உச்ச முறைமன்றம் சென்றது. 1996 ஆகத்து 28-ஆம் நாள் வந்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டமாக்கிற்று. இந்தியாவெங்கும் சட்டம் பயில்வோர் இன்றும் வேலூரின் பெயரால் அத்தீர்ப்பைப் படிக்கின்றனர். ஆற்று நீருக்குப் பொருந்திய நெறி பள்ளிப் பணத்திற்குப் பொருந்தாதா? தடுத்து வைத்தவர், தடுத்த நாளெல்லாம் அக்குழந்தைகள் இழந்ததற்கு ஈடு செய்ய வேண்டாவா?

உச்ச முறைமன்றத்தில் வழக்கு எவ்வாறு முடியினும், வழக்கு மன்றத்தோடு இது முடிவதில்லை. அடுத்த முறை உங்கள் ஊர்ப்பள்ளியின் பெற்றோர் கூட்டத்திற்குச் செல்லுங்கள். இப்பள்ளிக்கு எவ்வளவு பணம் வரவேண்டும், எவ்வளவு வந்தது, வாராதது யாரால் என்று எழுந்து கேளுங்கள். சோற்றுத் தூக்கோடு சாலையில் நிற்கும் தாய் கேட்கட்டும். சுண்ணாம்பில் கை வெந்த தந்தை கேட்கட்டும். அவர்கள் கேட்கத் தொடங்கிய நாளில் சென்னையும் விழிக்கும். தில்லியும் சாவியைத் தேடும்.